எலிசேயோ ருசி பார்த்த பழம்

என் அக்காள் எர்மினியாவின் கணவர் எலிசேயோ கந்தூவுக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு பயம்தான். சான் அந்தோனியோ மருத்துவமனையில் நடந்த ஒரு மருந்துச் சோதனையில் கிடைத்த இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாது.

அவருடைய நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டிருந்தது. முதுகில் குழாய் வைத்துக் கேட்டால் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போலச் சத்தம் வரும் என்று எங்கள் ஊரான மிஷனில் இருக்கும் டாக்டர் சொன்னார். இருக்கிற மாத்திரை சரிவை மெதுவாக்கும், நிறுத்தாது. வேறு நுரையீரல் வைக்க வயது கடந்துவிட்டது. சட்டை மாட்டி முடிப்பதற்குள் கட்டிலில் ஒருமுறை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. சின்னச் சக்கர வண்டியில் ஆக்சிஜன் உருளை ஒன்று எப்போதும் கூடவே வரும். அதை அவர் 'மாமியார்' என்று கூப்பிடுவார். எங்கள் அம்மா உயிரோடு இல்லாததால் அக்காள் அதைப் பொறுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்து வெள்ளாமை கிரேப்ஃப்ரூட். பம்ப்ளிமாசின் சின்னத் தங்கை என்று சொல்லலாம். உள்ளே சுளை ரத்தச் சிவப்பு. மீசை முளைக்கும் முன்பே எலிசேயோ தோளில் சாக்கு மாட்டி ஏணி ஏறியவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் விழுந்த உறைபனியில் தோப்புகள் கருகியபோது, வரிசைகளுக்கு நடுவே டயர்களைக் கொளுத்திப் போட்டு விடியவிடிய மரங்களைக் காவல் காத்தார். ஒரு மரமும் பிழைக்கவில்லை. மிச்சிகனுக்குப் போய்ச் செர்ரி பறித்துக் காலம் தள்ளினார். இங்கே புதுக் கன்றுகள் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் திரும்பி வந்து பறிப்புக் கூட்டத்துக்கு மேஸ்திரி ஆனார். டயர்ப் புகையா, மருந்தடித்த புழுதியா, எது நுரையீரலைக் கெடுத்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

மேஸ்திரி என்றால் கண்டிப்பான மேஸ்திரி. பறிக்கிற நேரத்தில் பழம் தின்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என் அண்ணன் மகனையே ஒருமுறை அனுப்பியிருக்கிறார். ஆனால் ஒரு தோப்பைப் பறிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மேஸ்திரி காலையில் வரிசை வரிசையாகப் போய்ப் பழம் வெட்டி வாயில் பிழிந்து பார்ப்பார். வெயில் பக்கத்துப் பழம் ஒன்று, உள்நிழலில் தொங்கும் பழம் ஒன்று. 'பறி' என்பார், அல்லது 'நிக்கட்டும்' என்பார். அது தின்பது ஆகாது, வேலை. எங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க அந்த வழக்கம் உண்டு. ருசி பார்க்கிற மேஸ்திரியைப் பார்த்து, பழம் தின்கிறார் என்று யாரும் சொன்னதில்லை.

வடக்கே நாலு மணி நேரப் பயணமான சான் அந்தோனியோவுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை. முதல் நாள் நர்ஸ் இமெல்டா ஃபாரியாஸ் எங்கள் மூவரையும் உட்கார வைத்து விளக்கினாள்.

"நம்ம உடம்புல செல்லுக்கு ரொம்ப அடிபட்டா, அது இனிமே ரெண்டாப் பிரியறதில்லன்னு முடிவு பண்ணிக்கும். அது நல்லதுதான், அப்படியே பிரிஞ்சுகிட்டுப் போனா புத்துநோய் ஆயிரும். இளவயசுல உடம்பே அதுங்களைத் தொடைச்சு எடுத்துரும். வயசாக வயசாகத் தங்கிப் போயிரும். சாகவும் சாகாது, வேலையும் செய்யாது. சும்மாவும் இருக்காது. என்னென்னத்தையோ கக்கிக்கிட்டே இருக்கும். பக்கத்துல இருக்கிற நல்ல செல்லும் அதுல புண்ணாகும், தழும்பாகும்."

எலிசேயோ தலையாட்டினார். "எங்க ஊர்லயும் இருக்கு. சொந்தக்காரன் தோப்பை அப்படியே விட்டுட்டு டல்லாஸ் போயிருவான். மரம் காய்க்கவும் காய்க்காது, பட்டும் போகாது. பூச்சி பூரா அதுலதான் குஞ்சு பொரிக்கும். அங்கருந்து பறந்து வந்து பக்கத்துத் தோப்புக்கு நோவைக் குடுக்கும்."

"அதே மாதிரிதான்னு வச்சுக்கோங்க. அந்த செல்லை மட்டும் சாகடிக்க முடியுமான்னுதான் பாக்கறோம். ரெண்டு மருந்து. ஒண்ணு ரத்தப் புத்துநோய்க்குக் குடுக்கறது. இன்னொண்ணு ஆப்பிள் தோல், வெங்காயத்துல எல்லாம் இருக்கற சத்து."

"வேரோட எல்லாத்தையும் புடுங்கிருங்கம்மா."

"அப்படிப் புடுங்கக் கூடாதுங்க ஐயா. காயம் ஆறுறதுக்கு அந்த செல்லும் கொஞ்சம் வேணும். அதான் வாரத்துல மூணு நாள் மட்டும் மாத்திரை, அப்புறம் ஓய்வு. மூணு வாரம். எலிக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு. மனுசனுக்குச் செய்யுமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. நான் சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்."

பிறகு தயங்கிச் சிரித்தாள். "இன்னொண்ணு. மிஷன் ஊர்க்காரங்ககிட்ட இதைச் சொல்லவே கஷ்டமா இருக்கு. இந்த மருந்து சாப்பிடறப்ப கிரேப்ஃப்ரூட் தொடவே கூடாது. மருந்தை உடம்பு உடைச்சுக் கரைக்கிற வேலைய அந்தப் பழம் நிறுத்தி வச்சிரும். ஒரு மாத்திரை ரெண்டு மூணு மாத்திரையா ரத்தத்துல நிக்கும். இதயம் தாளம் தப்பும்."

"தின்ன மாட்டேன்" என்றார் எலிசேயோ. அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அக்காள் வீட்டில் ஒரு பழம் விடாமல் அள்ளி வெளியேற்றினாள். எங்கள் ஊரில் அறுவடைக் காலத்தில் யார் வீட்டு வாசலிலும் பை பையாகப் பழம் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்பது மரியாதையில்லை. அவள் ஒவ்வொரு பையையும் அப்படியே தேவாலயத்துக்குக் கொண்டுபோனாள். மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவி அவர் முன்னால் யாராவது சுளை தின்றால் எழுந்து போகச் சொன்னாள். முதல் வாரம் ஒரு குறையும் இல்லாமல் கழிந்தது. மருத்துவமனையில் பழக்கமான, அதே மருந்து சாப்பிடும் உவால்டே ஊர்க்காரர் ஒருவர், கூரை ஓடு போடும் வேலை பார்த்தவர், எங்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நேத்து வாசப்படிய நிக்காம ஏறிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க, கண்ணு பட்டுரும்." எலிசேயோ வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வாரத்தின் மூன்றாவது மாத்திரையை விடியற்காலையில் விழுங்கிவிட்டு நாங்கள் கிளம்பினோம். அன்று சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் என் பக்கத்தில். அக்காள் பின் இருக்கையில், மடியில் அலுமினியத் தாளில் சுற்றிய, ரொட்டியில் முட்டை மடித்த டாக்கோக்களோடு. பக்கத்து ஊரான எடின்பர்க் தாண்டியதும் எலிசேயோ பேச்சை நிறுத்தினார். கருவேலங்காடும் வேலியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மடியில் போட்டிருந்த போர்வைக்குள் ஒரு கை நெஞ்சை அழுத்திப் பிடித்திருப்பதை நான் ஓரக்கண்ணால் கவனித்தேன்.

ஃபால்ஃபூரியாஸ் ஊருக்கு முன்னால் எல்லைக் காவல் சாவடி. எல்லைப் பக்கமிருந்து வரும் எல்லா வண்டியையும் அங்கே நிறுத்திப் பார்ப்பார்கள். நாய் வண்டியைச் சுற்றி வந்தது. இளவயதுக் காவலர் குனிந்து பார்த்தார்.

"மூணு பேரும் குடிமக்கள்தானே?"

"ஆமா."

அவர் கண் எலிசேயோவின் முகத்தில் நின்றது. அந்த முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. "சார், உடம்பு சரியில்லையா?"

"எழுபத்தி ரெண்டு வயசு தம்பி. உடம்பே இப்படித்தான்."

காவலர் இன்னும் ஒரு மூச்சு நேரம் பார்த்துவிட்டுக் கையசைத்தார்.

ஊருக்குள் வந்ததும் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன். அக்காள் கழிப்பறைக்குப் போனாள். நான் என்ஜினை அணைத்தேன்.

"மச்சான், என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

"போர்வைக்குள்ள கைய வச்சுகிட்டு ஒண்ணுமில்லைங்கறீங்க."

அவர் கண்ணாடி வழியாகக் கழிப்பறைக் கதவைப் பார்த்தார். "நெஞ்சுக்குள்ள கோழி ரெக்கை அடிக்குது மாப்ளே. அடிக்குது, நிக்குது. தலை கொஞ்சம் லேசா இருக்கு."

"எப்பத்துலருந்து?"

"எடின்பர்க்."

"நேத்து ஏதாவது சாப்பிட்டீங்களா? அந்தப் பழம்..."

"தின்னல."

சொன்ன வேகம் சரியில்லை. நான் காத்திருந்தேன். வாய்க்காலில் அடைப்பு எங்கே என்று தெரியாதபோது கம்பியால் குத்தக் கூடாது, தண்ணீர் தானாகக் காட்டும்வரை நிற்க வேண்டும்.

"நேத்து வெல்டன் வந்திருந்தான்" என்றார் கடைசியில். வெல்டன் என்பது தோப்பு முதலாளியின் மகன். "கிழக்குத் தோப்பு பறிக்கணுமாம். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியவரேன்னு கூட்டிட்டுப் போனான். நான் வண்டிய விட்டு எறங்கவே இல்ல. வரிசைக்கு ஒண்ணு வெட்டிக் கொண்டாந்து குடுத்தாங்க. ருசிதான் பாத்தேன்."

வெல்டனிடம் இனிப்பை அளக்கும் கருவி இருக்கிறது. அது சொல்வதையேதான் இவரும் சொல்வார். ஆனாலும் ஒவ்வொரு தோப்புக்கும் வந்து கூட்டிப்போவான். கூப்பிடாவிட்டால் பெரியவர் மனம் நோகும் என்று அவனுக்குத் தெரியும். மாத்திரை விஷயம் அவனுக்குத் தெரியாது.

"துப்பிட்டீங்களா?"

"சக்கையையும் கொட்டையையும் துப்பினேன். சாறை யாரு துப்புவா?"

போனைக் கையில் எடுத்தேன். "இமெல்டாவுக்குப் போன் போடறேன்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். மூச்சில்லாத மனுசனுக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ. "சொன்னா வெளிய தள்ளிருவாங்க. சொன்ன சொல்லக் கேக்காதவன்னு தள்ளிருவாங்க. உவால்டேக்காரன் படி ஏறிட்டான் மாப்ளே. நான் இன்னும் என் சட்டைய ஒரே மூச்சுல மாட்டல. உன் அக்காகிட்ட மூச்சு விட்ட, நீ எனக்கு மச்சினனே இல்ல."

"எனக்கு என்ன தெரியக் கூடாது?"

அக்காள் கதவுக்கு வெளியே காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள். காப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு அவருடைய விரல்களைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு இரவு கழிந்தாலும் அந்தத் தோலின் எண்ணெய் வாசம் நகக்கண்ணை விட்டுப் போகாது.

"தின்னீங்களா?"

"தின்னல எர்மினியா. ருசி பாத்தேன்."

"அட பாவி மனுசா! ஊரு பூராத் தூக்கிட்டு அலைஞ்சேனே பழத்தை! பாதிரியாரே இனிமே கொண்டு வராதம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நீங்க தோப்புலயே போய் உக்காந்து உறிஞ்சிருக்கீங்க!"

"வேலைக்குக் கூப்பிட்டான்."

"வேலையா! மாமியாரை இழுத்துகிட்டு வேலை!" அவள் குரல் உடைந்தது. உடனே அதை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "டேய் தாச்சோ, ஆலிஸ் ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கில்ல?"

"இருக்கு அக்கா. அரைமணி நேரத்துக்கு மேல ஆகும்."

"அங்க போனா அவங்க சான் அந்தோனியோவுக்குப் போன் போடுவாங்க" என்றார் எலிசேயோ. "அதோட முடிஞ்சுது."

அக்காள் முன் கதவைத் திறந்து, அவரை நகர்த்தி, எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் தன்னை நுழைத்துக்கொண்டாள். அவருடைய மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். "ஓட்டுடா. என் விரலுக்குக் கீழ ஒரு துடிப்பு தப்பினாலும் சொல்வேன், நேரா ஆலிஸ் ஆஸ்பத்திரிதான். தப்பலைன்னா சான் அந்தோனியோ. அங்க போயி நான் வாயத் தொறக்க மாட்டேன். வாக்குக் குடுத்தது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார்.

அந்தச் சாலையை நான் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது நீண்டதுபோல் என்றும் நீண்டதில்லை. முன்னால் ஒரு லாரி போனால் தாண்டவும் பயம், பின்னால் தொங்கவும் பயம். ஆலிஸ் பிரிவு வந்தபோது வேகத்தைக் குறைத்து அக்காளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஜெபமா, எண்ணிக்கையா, தெரியவில்லை. "போ" என்றாள். அதன் பிறகு த்ரீ ரிவர்ஸ் ஊர்ப் பக்கம் ஒருமுறை "நில்லு" என்றாள். ஓரங்கட்டினேன். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லாரிகள் வண்டியை உலுக்கிக்கொண்டு கடந்தன. "துடிப்பு வந்திருச்சு. போ."

மருத்துவமனையில் படுக்க வைத்து நெஞ்சில் ஒயர்கள் ஒட்டினார்கள். தாள் நீளநீளமாக வந்தது. இமெல்டா அதைப் பார்த்தபடியே வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். மாத்திரை எதையும் விட்டீர்களா? இல்லை. வேறு மருந்து? இல்லை.

"கிரேப்ஃப்ரூட்?"

"தின்னல" என்றார் எலிசேயோ.

அக்காள் சுவரில் இருந்த தீயணைக்கும் உருளையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

இமெல்டா தாளோடு வெளியே போய் டாக்டர் லிண்ட்ஹோமோடு திரும்பினாள். டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று பேசினார். சுற்றி வளைக்காத மனிதர். "ஒவ்வொரு துடிப்புக்குள்ளயும் ஒரு இடைவெளி உண்டு, அது ரொம்ப நீண்டிருக்கு. இன்னும் நீண்டா ஆபத்து. இன்னைக்கு உங்களை விடமாட்டோம். மாத்திரைய நிறுத்தறோம்."

"எனக்கு மட்டுமா?"

"இல்லீங்க. வேற காரணம் ஒண்ணும் இல்லைன்னா மருந்தேதான் காரணம்னு எழுதணும். இந்த அளவு மனுசனுக்குத் தாங்காதுன்னு அர்த்தம். மேல இருக்கற குழு பாத்து முடிவு பண்ற வரைக்கும் எல்லாருக்கும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்."

"எல்லாருக்கும்னா..."

"சேர்ந்திருக்கற எல்லாருக்கும்."

கதவு திறந்திருந்தது. வெளியே நடைபாதையில் உவால்டேக்காரர் தன் உருளையைத் தள்ளிக்கொண்டு போனார். எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எலிசேயோ பதிலுக்குக் கையைத் தூக்கப் பார்த்தார், ஒயர் இழுத்தது. கையைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்காள் என் காலை மிதித்தாள்.

"ருசி பாத்தேன்" என்றார்.

"என்னது ஐயா?" என்றாள் இமெல்டா.

"பழம். நேத்து. மேஸ்திரி ருசி பாக்கறது. அது தின்னறதுல சேராதுன்னு இருந்துட்டேன். காலம் பூரா அப்படித்தான். தின்னவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். அதனால... மருந்து மேல எழுதாதீங்க. என் மேல எழுதுங்க."

இமெல்டா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எவ்வளவு இருக்கும்? ஒரு சுளை, ரெண்டு சுளை?"

"சுளை எல்லாம் பாக்கறதில்லம்மா. பாதியா வெட்டி, வாயில பிழியறது."

"அப்ப ஒரு பழமா?"

"வரிசைக்கு ஒண்ணு."

"எத்தனை வரிசை?"

"கிழக்குத் தோப்புதான்" என்றார், அது ரொம்பச் சின்னத் தோப்பு என்கிற மாதிரி.

எனக்கு அந்தத் தோப்புக்குப் பாயும் தண்ணீர் தெரியும். மெதுவாகச் சொன்னேன், எத்தனை வரிசை என்று. இமெல்டா கண்ணை மூடித் திறந்தாள். "ஐயா, அது ஒரு குடம் சாறு."

"ருசியாம் ருசி!" அக்காளின் கட்டு அறுந்தது. "குளிச்சு எழுந்து வந்திருக்காரு!"

டாக்டர் லிண்ட்ஹோம் சிரிப்பை அடக்கத் தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா உங்களுக்கு இனிமே மாத்திரை குடுக்க முடியாதுங்க. இதயம் ஒருதரம் இப்படிக் காட்டிருச்சுன்னா, காரணம் எதுவா இருந்தாலும் விதி அதுதான்."

"தெரியும்" என்றார் எலிசேயோ. அது தெரிந்துதான் ஃபால்ஃபூரியாசிலிருந்து வாயை மூடிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மருந்து நிற்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது இமெல்டா ஒன்று கேட்டாள். மாத்திரை பாதியில் நின்றவர்களையும் அளந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக இருப்பவர்களை மட்டும் எண்ணிப் பெருமைப்பட்டதாகிவிடும். சேர்ந்த அன்று நடந்து காட்டியது போலக் கடைசி நடைச் சோதனைக்கும் வருவீர்களா?

"எனக்கு அதுல என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. பின்னால வர்றவங்களுக்குத்தான்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். போக மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் குறித்த நாளன்று காலை என் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். அக்காளின் காரில், பக்கத்து இருக்கையில், சட்டையின் எல்லாப் பொத்தானும் போட்டு உட்கார்ந்திருந்தார். "எழுந்து வாடா தாச்சோ. உன் அக்கா ஓட்டினா அங்க போறதுக்குள்ள மருந்தில்லாமயே நெஞ்சு நின்னுரும்."

ஆறு நிமிட நடை அது. நீள நடைபாதையில் போய்த் திரும்பிப் போய்த் திரும்ப வேண்டும். எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். கூட இருப்பவர்கள் பேசக் கூடாது, கைதட்டக் கூடாது. நர்ஸ்கூட எழுதி வைத்த வாக்கியங்களைத்தான் சொல்லலாம். ஒருத்தரை அதிகம் ஊக்கினால் அளவு கெட்டுவிடும். அக்காள் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

அவர் நடந்தார். முதல் திருப்பம் எளிதாகப் போனது. அடுத்த திருப்பத்தில் தோள் ஏறி இறங்கியது. "நல்லா நடக்கறீங்க, இன்னும் நேரம் இருக்கு" என்றாள் இமெல்டா, எழுதி வைத்தபடி. நடுவில் ஓரிடத்தில் சுவரைத் தொட்டு நின்றார். உதடு நீலம் பாய்ந்தது. நான் எழுந்துவிட்டேன், இமெல்டா கண்ணாலேயே என்னை உட்கார வைத்தாள். அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். ஒரு காலை வைத்தார், மறு காலை வைத்தார். உருளையின் சக்கரம் மட்டும் கீச்சிட்டுக்கொண்டே போனது. நேரம் முடிந்தது என்று சொல்லும் வரை அவர் மறுபடி நிற்கவில்லை.

முதல் தடவையைவிடச் சற்றே கூடுதலான தூரம்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார், மூச்சு வாங்கிய இடைவெளியில்.

"நிறையப் பேர் ரெண்டாவது தடவை கொஞ்சம் கூடத்தான் நடப்பாங்க ஐயா, பழகிருது இல்ல. மருந்தாலன்னு என்னால சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம். எழுதிக்கோங்க."

அக்காள் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். "இப்ப நான் பேசலாமா?"

"பேசலாம்மா."

"அந்தச் செவத்துல சாயாதீங்க. வெள்ளைச் சட்டை" என்றாள், எழுந்து போய் அவருக்குத் தன் தோளைக் கொடுத்தாள்.